மூத்தவன் இன்னும் நனைக்கிறான், சின்னவளுக்குக் கழிப்பறைப் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்ப்பதால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து அம்மாக்கள் என்னிடம் பல சந்தேகங்கள் கேட்பார்கள். சளி, காய்ச்சலைச் சத்தமாகக் கேட்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஐந்து வயது தாண்டிய மூத்த பிள்ளை இன்னும் ஜட்டியையோ படுக்கையையோ நனைக்கிறது, சின்னதுக்கோ கழிப்பறை பழக்கும் வயது வந்துவிட்டது, ஒரே வீட்டில் இரண்டையும் எப்படிப் பார்ப்பது? அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். 'மூத்தவன்', 'சின்னவள்' என்பது வசதிக்காக. உங்கள் வீட்டில் அக்காவும் தம்பியும் என்றாலும் இதே பதில்தான்.

சிஸ்டர், பெரியவனுக்கு ஏழு வயசு. ராத்திரி பாயில போறான், சில நாள் பகல்லயும் நிக்கர் நனையுது. சின்னவளுக்கு ரெண்டேகால். அவன் சரியாகுற வரைக்கும் இவளுக்குப் பழக்காம இருக்கணுமா?

காத்திருக்க வேண்டாம். மூத்தவனுக்குச் சரியாக மாதங்கள் ஆகலாம். ராத்திரி மட்டும் நனைக்கிற பிள்ளை என்றால் சில வருடங்கள்கூட ஆகலாம். அதுவரை சின்னவளை டயப்பரில் வைத்திருப்பதால் அவனுக்கு ஒரு நன்மையும் இல்லை. அண்ணன் மனசு நோகுமே என்று தள்ளிப்போடும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்த அக்கறை நல்லதுதான். ஆனால் தங்கச்சி பழகுவது அவனை நோகடிப்பதில்லை. அவள் பழகியதை எடுத்து அவன் முன்னால் பேசும் பேச்சுதான் நோகடிக்கிறது.

முதலில் உங்கள் மனதுக்குள் இரண்டையும் பிரித்து வையுங்கள். சின்னவள் ஒரு புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறாள். மூத்தவனுக்கு இருப்பது உடம்புக் கோளாறு. அவளுக்குப் பயிற்சி வேண்டும், அவனுக்கு வைத்தியம் வேண்டும். வைத்தியம் தேவைப்படும் பிள்ளைக்குப் பயிற்சியை மட்டும் மேலும் மேலும் கொடுத்து, "இத்தனை சொல்லியும் கேக்க மாட்டேங்கான்" என்று நொந்துபோவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

சின்னவ தயாராயிட்டாளான்னு எப்படித் தெரியும்? எங்க ஆச்சி, எங்களை எல்லாம் ஆறு மாசத்திலேயே பழக்கிட்டதா சொல்லுதாங்க.

ஆச்சி பொய் சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவில் குழந்தையை இருத்தி, 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுத்துப் போகவைப்பது நம் வீடுகளில் இன்றும் உண்டு. செய்யக்கூடிய ஒன்றுதான். ஆனால் அங்கே நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாவோ ஆச்சியோ. தனக்கு வருகிறது என்று பிள்ளையே உணர்ந்து, அடக்கி, சொல்லி, ஓடிப்போய் உட்காருவது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் கைகூடும். ஆறு மாதக் கணக்கைச் சொல்லிச் சின்னவளை அவசரப்படுத்தவும் வேண்டாம், அதே கணக்கில் மூத்தவனை அளக்கவும் வேண்டாம்.

ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறதா? ஆய் வரும்போது விளையாட்டை நிறுத்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாளா? நனைந்ததும் பிடித்து இழுக்கிறாளா? "செருப்பை எடுத்துட்டு வா மக்களே" என்றால் புரிந்து எடுத்து வருகிறாளா? நிக்கரைத் தானே இறக்கப் பார்க்கிறாளா? இவற்றில் பாதிக்கு மேல் இருந்தால் தொடங்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். மலம் இறுகிப் போகிற பிள்ளைக்குப் பழக்கத் தொடங்கவே கூடாது, முதலில் அது இளகட்டும். ஒருமுறை வலித்தால் பிள்ளை பயந்து அடக்கும். அடக்க அடக்க இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். இன்று ஏழு, எட்டு வயதில் கஷ்டப்படும் மூத்த பிள்ளைகள் பலருக்குத் தொல்லை தொடங்கியது இந்த இரண்டரை வயதில்தான்.

எப்படித் தொடங்குறது?

இதில் பெரிய வித்தை இல்லை. எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், குளிக்கும் முன்னும், மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகும் மூன்று நான்கு நிமிடம் உட்கார வையுங்கள். பாதம் தரையில் பதிய வேண்டும். போன் கையில் கொடுக்காதீர்கள். போனில் மூழ்கிய பிள்ளைக்கு வயிறு சொல்வது கேட்காது. கீழே போய்விட்டால், "பரவாயில்ல, அடுத்த தடவை பாப்போம்" என்று துடைத்துவிட்டு நகருங்கள். இரண்டு, மூன்று வாரம் பார்த்தும் ஒட்டவில்லை, தினமும் அழுகை என்றால் ஒரு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ராத்திரிக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. ராத்திரி நனையாமல் இருப்பது உடம்பு வளர்ந்து தானாக வருவது. சின்னவளுக்குப் பகல் பழகினால் இப்போதைக்குப் போதும்.

"அண்ணனும்தானே நனைக்கான்"னு சின்னவ சொல்லுதா. இவளுக்கு என்ன பதில் சொல்ல?

கேட்ட இடத்திலேயே நேராகச் சொல்லுங்கள். "அண்ணன் வயித்துக்கும் மூத்திரப்பைக்கும் கொஞ்சம் சுகமில்ல. டாக்டர் மருந்து குடுக்காங்க. உனக்கு வயிறு நல்லா இருக்கு, நீ சொல்லிட்டுப் போகலாம்." அவ்வளவு போதும். ரகசியம் மாதிரிக் கிசுகிசுத்தால் அது கேலிக்குரியது என்று சின்னது புரிந்துகொள்ளும். இதைச் சொல்வதற்கு முன்னால் மூத்தவனிடம், "தங்கச்சி கேட்டா இப்படிச் சொல்லட்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது அவன் உடம்பைப் பற்றிய விஷயம். அவன் சம்மதம் வேண்டும்.

சின்னவள் வேண்டுமென்றே அண்ணனைப் போலச் செய்கிறாளோ என்ற பயம் பலருக்கு உண்டு. அண்ணன் நனைத்தால் அம்மா அவனருகே போய் நிற்கிறாள் என்று சின்னது கவனிக்கும், அது உண்மை. அதற்கு, அவள் சொல்லிப் போகும்போது அருகில் போய் நில்லுங்கள். நனைக்கும்போது பேச்சைக் குறையுங்கள்.

அவளைப் பாராட்டினா இவன் முகம் வாடுது. பாராட்டாம இருக்க முடியுமா?

பாராட்டுங்கள். எதைப் பாராட்டுகிறீர்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

'நனைக்காமல் இருந்தாய்' என்பதைப் பாராட்டாதீர்கள். அது மூத்தவன் கையில் இல்லாத ஒன்று. வந்து சொன்னதை, போய் உட்கார்ந்ததை, தண்ணீர் ஊற்றியதை, சோப்புப் போட்டுக் கை கழுவியதைப் பாராட்டுங்கள். இவை இரண்டு பிள்ளைகளாலும் செய்ய முடிந்தவை. "சாப்பிட்டதும் போய் உட்கார்ந்தியே, நல்ல பிள்ளை" என்று மூத்தவனிடமும் சொல்லலாம், அன்றைக்கு ஜட்டி நனைந்திருந்தாலும் சொல்லலாம். சுவரில் நட்சத்திரம் ஒட்டும் அட்டை வைப்பதானால் உட்கார்ந்ததற்கு ஒரு நட்சத்திரம், மருந்து குடித்ததற்கு ஒரு நட்சத்திரம் என்று வையுங்கள். காய்ந்த ஜட்டிக்கு நட்சத்திரம் கொடுக்கும் அட்டையைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, தங்கச்சி வரிசை நிறைய, அண்ணன் வரிசை காலியாகக் கிடப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு வலிக்கிறது. விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சின்னவள் முதன்முதலாகச் சொல்லிப் போன அன்று ஆச்சிக்கும் சித்திக்கும் போன் போட்டுக் கொண்டாட ஆசையாக இருக்கும். மூத்தவன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது போடுங்கள்.

'அண்ணனையே தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுக்க வையுங்கள், பெருமைப்படுவான்' என்ற யோசனையைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தானே நனைக்கும்போது இன்னொருவருக்கு வாத்தியாராக நிற்பது சில பிள்ளைகளுக்குப் பெரிய கூச்சம். கேட்டுப் பாருங்கள். விருப்பம் என்றால் செய்யட்டும். இல்லையென்றால் கதை வாசித்துக் காட்டுவது, சைக்கிள் பழக்குவது என்று அவனுக்கு நன்றாக வருகிற வேறொன்றில் அவன் அண்ணனாக இருக்கட்டும்.

வீட்டுல பெரியவங்க வாயை எப்படி அடக்குறது? "சின்ன கொச்சே சொல்லியாச்சு, ஒனக்கு வெக்கமா இல்லியாலே"ன்னு மாமனார் தினமும் கேட்கார்.

இதை மருமகள் சொன்னால் சண்டையாகும். பிள்ளையின் அப்பாதான் சொல்ல வேண்டும், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். "அப்பா, அவன் வேணும்னு செய்யல. டாக்டர்ட்ட காட்டியிருக்கோம், மருந்து நடக்கு. இதைப் பத்தி அவன்கிட்ட யாரும் பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." டாக்டர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். முடிந்தால் தாத்தாவையே ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பல தாத்தாக்கள் அதன்பிறகு பேரனுக்காகப் பழம் வாங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவோ மாமாவோ சின்ன வயதில் பாயில் போனவர்தானா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி நனைப்பது குடும்ப வழியாக வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 44 பேருக்கும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 பேருக்கும் வருவதாகச் சொல்லப்படுகிறது. "எனக்கும் இருந்துச்சு மக்களே, பெறவு சரியாயிட்டு" என்று அப்பா ஒரு ராத்திரி மகனிடம் சொன்னால், அதைவிடப் பெரிய ஆறுதல் அவனுக்குக் கிடையாது.

அடிப்பது, நனைந்த துணியோடு வெளியே நிறுத்துவது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது, இவற்றில் எதுவும் நனைப்பதை நிறுத்தாது. பயந்த பிள்ளை இன்னும் அடக்கும், இன்னும் ஒளித்துவைக்கும். கட்டிலுக்கு அடியில் சுருட்டிவைத்த ஜட்டி கிடைத்தால் பிள்ளை பயத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சூடு வைப்பது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லலாம்.

சரி, மூத்தவனுக்கு உண்மையில என்னதான் கோளாறு?

நேரில் பார்க்காமல் உங்கள் பிள்ளைக்கு இன்னது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதிகம் காண்பது மூன்று.

முதலாவது மலச்சிக்கல். பகலில் நனைக்கிற பிள்ளை, ஜட்டியில் மலக் கறை படிகிற பிள்ளை, இரண்டிலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான். மலக்குடலில் பல நாள் மலம் கட்டிக்கிடந்தால் குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்கிப்போகும். புதிதாக வரும் இளகிய மலம், வாய்க்காலில் பாறையைச் சுற்றித் தண்ணீர் வழிவதுபோல, கட்டியைச் சுற்றிக் கசிந்து ஜட்டியில் இறங்கும். அது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. நாற்றம்கூட அதற்குப் பழகிப்போயிருக்கும். "மணக்கது உனக்குத் தெரியலியா" என்று கேட்பது நியாயமில்லை. விரிந்த குடல் முன்னால் இருக்கும் மூத்திரப்பையை அழுத்துவதால் அவசரமும் நனைப்பதும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, அடக்குவது. பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் காலையில் போனது சாயங்காலம்தான் என்று இருக்கும் பிள்ளைகள் ஏராளம். கால்களைப் பின்னிக்கொள்வது, குதிகாலை அடியில் வைத்து அதன்மேல் உட்காருவது, கடைசி நிமிடத்தில் ஓடுவது இதன் அடையாளம். பெண் பிள்ளைகளுக்கு இதனால் மூத்திரத்தில் கிருமித் தொற்றும் வரும்.

மூன்றாவது, ராத்திரி மட்டும் நனைப்பது. ஐந்து வயதில் 100க்கு 15 பிள்ளைகள்வரை இப்படி இருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத் தானாகவே நின்றுவிடும். ராத்திரியில் மூத்திரம் அதிகம் உற்பத்தியாவது, மூத்திரப்பை கொஞ்சமே கொள்வது, நிறைந்தாலும் தூக்கம் கலையாதது, இவை சேர்ந்து வருகிற விஷயம் இது. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மலச்சிக்கலா? இவன் தினமும் ஆய் போறானே?

தினமும் கொஞ்சம் போய்விட்டு மீதி உள்ளேயே கட்டிக்கிடக்கலாம். மிகப் பெரிதாகப் போகிறதா, ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாகப் போகிறதா, வயிறு வலிக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளுகிறானா, போனபின் திடீரென்று நன்றாகச் சாப்பிடுகிறானா என்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை தானே போய்விட்டு வருவதால் அம்மாவுக்கு இது தெரியாமல் போவது இயல்பு. சின்னவளின் பாட்டிச் சேரை (சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து ஆய் போகும் சேர்) கழுவும்போது கவனிக்கிற கண் மூத்தவன் பக்கமும் திரும்ப வேண்டும்.

கட்டிவிட்ட மலம் பழத்தால் மட்டும் இறங்காது. பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க டாக்டர் எழுதுவார். முதலில் கட்டியை இறக்க ஒரு அளவு, பிறகு மறுபடி கட்டாமல் இருக்க ஒரு அளவு. இந்த இரண்டாவது அளவைப் பல மாதம் கொடுக்க வேண்டியிருக்கும். நாலு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. விரிந்த குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வர அத்தனை காலம் வேண்டும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவது இதற்கு வைத்தியம் ஆகாது.

சாப்பாடு துணைக்கு நிற்கும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கஞ்சியும் சிறுபயறும், முருங்கைக்கீரைத் துவரன், பப்பாளி, கொய்யா, சீசனில் சக்கைப்பழம் (பலாப்பழம்), நன்றாகப் பழுத்த வாழைப்பழம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் மட்டுமே தட்டில் இருந்தால் பக்கத்தில் ஒரு காயோ கீரையோ சேர வேண்டும். நாலைந்து தம்ளர் பால் குடிக்கிற பிள்ளைக்கு வேறு சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, இரண்டாகக் குறையுங்கள். கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) பிள்ளைகளுக்கு வேண்டாம், மூத்திரப்பையை அது தூண்டிவிடும்.

காலையில் சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில்தான் உட்கார வேண்டும். ஆனால் ஏழரைக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும் வீட்டில் சாப்பாடு முடிவதும் ஷூ போடுவதும் ஒரே நிமிடத்தில் நடக்கிறது. இருபது நிமிடம் முன்னால் எழுப்பி, சாப்பிட்டபின் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்கார விடுங்கள். மருந்துக்கு அடுத்து இதைத்தான் நான் வலியுறுத்துவேன். காலையில் முடியவே முடியாது என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு.

வீட்டுல ஒரே கக்கூஸ். ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் வருது.

சின்னவளுக்குத் தனியாக ஒரு பாட்டிச் சேர் வாங்குங்கள், சாதாரண பிளாஸ்டிக் போதும். கழிப்பறை மூத்தவனுக்கு இருக்கட்டும். வரிசையில் நின்று கதவைத் தட்டினால் அவன் பாதியில் எழுந்து வந்துவிடுவான். இந்தியன் கழிப்பறையில் குத்தவைத்து உட்காருவது மலம் இறங்க நல்ல நிலை. வெஸ்டர்ன் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி வையுங்கள், முழங்கால் இடுப்புக்கு மேலே வர வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது.

பழைய வீடுகளில் கழிப்பறை வெளியே, விளையை (தோப்பை) ஒட்டி இருக்கும். மழைக்காலத்து ராத்திரியில் அங்கே தனியாகப் போகப் பெரியவர்களுக்கே தயக்கம். வழியில் ஒரு பல்பு போடுங்கள். அல்லது படுக்கையருகே மூடி வைத்த ஒரு பக்கெட் போதும்.

மூத்தவனும் ராத்திரி டயப்பர், சின்னவளும் டயப்பர். ஒண்ணுதானேன்னு அவளே சிரிக்கா.

பெயரைப் பிரியுங்கள், இடத்தையும் பிரியுங்கள். அவனுடையது பேன்ட்ஸ் மாதிரி ஏற்றிப் போடும் வகையாக இருக்கட்டும். 'ராத்திரி நிக்கர்' என்றே வீட்டில் எல்லாரும் சொல்லுங்கள். அவன் துணி அலமாரியில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், தானே எடுத்துப் போட்டு, காலையில் தானே காகிதத்தில் சுற்றிப் போடட்டும். சின்னவள் டயப்பரை விட்ட அன்று "இனி டயப்பர் போடுறது இந்த வீட்டுல அண்ணன் மட்டும்தான்" என்று யாரும் சொல்லக்கூடாது. சொல்லிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மழைக்காலத்துல துணி காயவே மாட்டேங்கு.

நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. முடிந்தால் சின்னவளின் பழக்கத்தை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவனின் படுக்கைக்கு: மெத்தைமேல் மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய சாரம் (லுங்கி), மறுபடி ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் இன்னொரு சாரம். ராத்திரி நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உருவினால் கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும், விளக்குப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டாம். நனைந்ததை உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டால் வாடை நிற்காது. காலையில் குளித்துத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். தோல் புண்ணாகாமல் இருக்கவும், வகுப்பில் யாரும் முகம் சுளிக்காமல் இருக்கவும் இது முக்கியம்.

ராத்திரி எழுப்பி ஒண்ணுக்கு விடலாமா?

விடலாம், படுக்கை நனையாது. ஆனால் அதனால் கோளாறு தீராது. சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்து, பகலில் நன்றாகக் குடிக்க வைப்பதுதான் முறை. நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினால் மலம் இறுகி எல்லாம் மோசமாகும்.

ஆறு, ஏழு வயதுக்கு மேல் அவனுக்கே விருப்பம் வந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஈரம் பட்டதும் சத்தமிடும் அலாரம், தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் வைத்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் தரும். சின்னவளும் அதே அறையில் தூங்கினால் அவளும் எழுவாள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மற்றது டெஸ்மோபிரசின் என்ற மருந்து, ராத்திரி மூத்திரத்தைக் குறைக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் ராத்திரி தண்ணீர் கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும்.

பள்ளிக்கூடத்துல சொல்லணுமா?

வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கை தூக்காமலே போய்வர அனுமதி கேளுங்கள். பையில் ஒரு கறுப்புக் கவரில் மாற்று நிக்கரும் ஜட்டியும் இருக்கட்டும். "இவன் தங்கச்சி எல்.கே.ஜி.லயே சொல்லிடுதா" என்று ஆசிரியர் சொல்லிவிடாமல் இருக்க, இரண்டு பேரும் ஒரே பள்ளி என்றால் அதையும் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தவனுக்கு ஆட்டிசம். சின்னவ அவனைத் தாண்டிப் போறதைப் பாக்க முடியல சிஸ்டர்.

அழுகை வந்தால் அழுங்கள். அது சின்னவள் மேலுள்ள பொறாமையும் இல்லை, மூத்தவன் மேலுள்ள வெறுப்பும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தாமதமாகப் பழகுவார்கள், பலர் பழகியும் விடுவார்கள். கழிப்பறைச் சுவரில் படம் ஒட்டி, நிக்கரை இறக்குவது, உட்காருவது, கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது என்று தினமும் ஒரே வரிசையில் செய்யவையுங்கள். சின்னவளுக்கும் அதே படம் உதவும். தண்ணீர் ஊற்றும் சத்தம், ஈரத் தரை, பினாயில் வாடை இவற்றில் எது அவனைத் துரத்துகிறது என்று பாருங்கள். ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக மலச்சிக்கலைத் தேடாமல் விடாதீர்கள், இவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

முதுகுத்தண்டில் பிறவிக் குறை உள்ள பிள்ளைகள் வேறு. அவர்களுக்கு நரம்பே செய்தி கொண்டுபோகாது. நேரத்துக்குக் குழாய் விட்டு மூத்திரம் எடுப்பதுதான் சிறுநீரகத்தைக் காக்கும். அதைச் செய்யும்போது கதவைச் சாத்துங்கள், சின்னவளுக்கு வேடிக்கை காட்ட வேண்டாம். இப்படி ஒரு பிள்ளை இருந்து அடுத்த பிள்ளைக்கு நினைப்பவர்கள், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மற்றவர்களைவிட உங்களுக்கு அதிக அளவு தேவைப்படும்.

நல்லா சொல்லிட்டிருந்த சின்னவ திரும்ப நனைக்கா.

காய்ச்சலோ எரிச்சலோ உண்டா, மலம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரம் பத்து நாளில் திரும்பிவிடுவாள். "நீயும் அண்ணன் மாதிரி ஆயிட்டியா" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது.

எப்போ, எங்க காட்டணும்?

சில அடையாளம் கண்டால் உடனே காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைத்து, கூடவே தாகமும் மெலிவும் இருந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். எப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, ஆண் பிள்ளைக்குத் தாரை மெலிந்து முக்கி முக்கிப் போனாலோ, மூத்திரத்தில் ரத்தம் இருந்தாலோ, காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ, நடை மாறினாலோ, இடுப்புக்குக் கீழே முதுகில் குழியோ முடிக்கற்றையோ இருந்தாலோ நாள் கடத்தாதீர்கள். இவை இல்லாவிட்டாலும், ஐந்து வயது தாண்டிப் பகலில் நனைத்தாலோ மலக் கறை படிந்தாலோ காட்ட வேண்டியதுதான்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்குங்கள். விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் பலர் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும்போது அவர்களிடமும் சொல்லலாம்.

போகும்முன் இரண்டு நாள் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தான், எத்தனை மணிக்கு எவ்வளவு போனான், எப்போது நனைந்தது, மலம் எப்படி. அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதில் மூத்திரப்பை கொள்ளும் அளவு மில்லியில் வரும். ஏழு வயதுக்கு 240. எப்போதும் 80, 100 என்றே போனால் அது டாக்டருக்குப் பெரிய துப்பு. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், மூத்திரம் சோதிப்பார், தேவையானால் ஸ்கேன் எழுதுவார். பேசும்போது பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள், அவனையே சொல்லவிடுங்கள். சின்னவளை அன்றைக்கு ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு ஒரே நேரத்துல ரெண்டையும் பாக்கத் தெம்பு இல்ல. எதை முதல்ல பாக்க?

மூத்தவனை. முதலில் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னது, அவன் முழுக்கச் சரியாகும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்ற பொருளில். சின்னவளுக்கு ஒரு மாதம் கழித்துத் தொடங்கினால் ஒன்றும் கெடாது. மூத்தவனின் மலச்சிக்கலை ஒரு மாதம் தள்ளினால் குடல் இன்னும் விரியும், வைத்தியம் இன்னும் நீளும். மருந்து தொடங்கி, சாப்பிட்டதும் உட்காருவது அவனுக்கு வழக்கமானபின் பாட்டிச் சேரைக் கடையில் வாங்குங்கள்.